பிரில்லியண்ட் என்றால் ஆர்டர் இல்லை

லேலண்ட், லங்காஷயர்

அன்புள்ள தம்பிக்கு,

ஓசூர் ஜூஜுவாடி செக்போஸ்ட்டில் வரிசைகட்டி நிற்கும் லாரிகளின் நெற்றியில் பாதிப் பெயராக இருக்கிறதே, அந்த ஊரிலிருந்துதான் எழுதுகிறேன். சாம்பிளாக அனுப்பிய பித்தளை புஷ்ஷுக்கு இங்கிலாந்து கஸ்டமர் ‘பிரில்லியண்ட்’ என்று ஒற்றை வார்த்தையில் பதில் போட்டிருக்கிறார், இரண்டாவது சி.என்.சி. மெஷினுக்கு லோன் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். போடாதே. அகராதியில் ‘பிரில்லியண்ட்’டுக்கு ஒளிவீசுவது, அபார மூளை என்றெல்லாம் பொருள் உண்டு. வைரத்துக்குப் பட்டை தீட்டும் ஒரு முறைக்கே அந்தப் பெயர்தான். அமெரிக்கர்கள் இன்றும் பெரும்பாலும் மூளைக்காரர்களுக்குத்தான் அதைச் செலவழிக்கிறார்கள். இங்கேயோ மூன்று மணிக்கு வருகிறேன் என்றால் பிரில்லியண்ட், சில்லறை இருக்கிறது என்றால் பிரில்லியண்ட். மூன்று மணிக்கு வருவதில் என்ன ஒளி வீசிவிடும்? சரக்கு வந்து சேர்ந்தது என்று போட்டுத்தரும் ரசீது அது, அவ்வளவுதான்.

அப்படியானால் இந்த ஊர்க்காரர்கள் மனசாரப் பாராட்டவே மாட்டார்களா என்பாய். பாராட்டுவார்கள்; இலக்கணத்தைப் பார்த்தால் பிடிபட்டுவிடும். தனியாக நின்றால் ரசீது. ‘பிரில்லியண்ட் ஃபினிஷ்’ என்று ஒரு பெயர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்தால், புஷ்ஷைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்திருக்கிறார் என்று நம்பலாம். முன்னால் ‘அப்சொல்யூட்லி’ சேரும். நாம் ஆசையாகச் சேர்க்கும் ‘வெரி’ சேராது. ஏற்கெனவே உச்சியில் இருக்கும் சொல்லை இன்னும் எங்கே ஏற்றுவது? ஆளின் மூளையைச் சொல்லும்போது மட்டும் ‘வெரி’க்கு இடம் கொடுக்கிறார்கள். ‘குவைட்’ இருக்கிறதே, அது பெரிய வில்லன். ‘குவைட் குட்’ என்றால் இங்கே சுமார்தான்; ‘குவைட் பிரில்லியண்ட்’ என்றாலோ முழுக்க அபாரம். இத்தனைக்கும் நடுவே ‘நாட் பேட்’ என்று முணுமுணுத்தால் அதுதான் பல சமயம் உண்மையான மெச்சுதல். மருமகள் வைத்த குழம்பைப் ‘பரவாயில்லை’ என்று சொல்லிவிட்டு மறுசோறு கேட்கும் மாமியார்கள் இங்கேயும் உண்டு.

வெள்ளைக்காரன் வாய் ஒன்று மனசு ஒன்று என்று உன் பார்ட்னர் சொல்வார். நம் ஷெட்டையே கவனிக்கச் சொல். ஓசூர்ப் பையன் ‘சூப்பரா இருக்கு’ என்கிறான், அத்திபெலேக்காரர் ‘சூப்பராகிதே’ என்கிறார், தெலுங்குக்காரர் ‘சூப்பர்கா உந்தி’ என்கிறார். ஒரே ஆங்கிலச் சொல், மூன்று மொழி விகுதி. மூன்று பேரும் சொன்னது பத்து மணி டீயை. அதற்காக டீக்கடைக்காரர் இரண்டாவது பாய்லர் வாங்கிவிட்டாரா? ‘பயங்கர அழகு’ என்கிறோமே, யார் பயந்தார்கள்? புகழ்கிற சொல் எந்த மொழியிலும் புழங்கப் புழங்கத் தேயும். அதில் பொய்யும் இல்லை, கபடமும் இல்லை.

ஆகவே எதை மெச்சினார் என்று கேட்டு ஒரு மெயில் போடு. அளவையோ ஃபினிஷையோ பெயர் சொல்லிப் பதில் வந்தால் விலைப்பட்டியல் அனுப்பு. பர்ச்சேஸ் ஆர்டர் நம்பர் கைக்கு வராமல் ஒரு கிலோ பித்தளை ராடுகூட வாங்காதே.

உன் அண்ணன்