குளத்துக்கு ஸ்கோப், ஆற்றுக்கு லென்ஸ்

எண்பதுகளின் கடைசியில் பாளையங்கோட்டையில் பறவைப் படம் எடுக்க ஆசைப்பட்டவர்கள் கையில் மிஞ்சிப்போனால் ஒரு 300 மி.மீ. லென்ஸ் இருக்கும். அதுவும் பெரும்பாலும் இரவல். பிலிம் ரோலுக்கு 36 படம். கழுவி வரும்வரை என்ன விழுந்தது என்று தெரியாது. வரித்தலை வாத்தின் நீளம் சுமார் 75 செ.மீ. கூந்தன்குளத்தில் அது 100 மீட்டர் தள்ளி நின்றால், 36 மி.மீ. அகலப் பிலிம் சட்டத்தில் அதன் உருவம் இரண்டே கால் மி.மீ.தான். கிட்டே போவதைத் தவிர வேறு வழியே இல்லை. சேற்றில் இறங்கி, உடைமுள்ளுக்குள் ஊர்ந்து போவோம். கூட்டம் மொத்தமாக எழுந்து அடுத்த குளத்துக்குப் பறந்துவிடும்.

இதே திருநெல்வேலியில் 1912-இல் பிறந்த மா. கிருஷ்ணனை அப்போது அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஒரு கேமராவின் உடல், இன்னொன்றின் டெலி லென்ஸ், தானே கோத்த உதிரிப் பாகங்கள் என்று ஒரு கருவியைச் சேர்த்து, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்தவர். அவர் கறுப்பு வெள்ளையில் எடுத்த யானைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கருவியைவிடக் காட்டில் நடந்த கால்கள் பெரிது என்று.

கிட்டே போகாமல் எடுக்க ஒரு வழி பின்னர் வந்தது. 1999 வாக்கில் மலேசியப் பறவை ஆர்வலர் லாரன்ஸ் போ, நிக்கான் கூல்பிக்ஸ் 950 கேமராவை ஸ்பாட்டிங் ஸ்கோப் என்னும் தொலைநோக்கியின் கண்வில்லையில் ஒட்டிப் பிடித்துப் படம் எடுத்தார். டிஜிஸ்கோப்பிங் என்ற இந்த முறை பரவியது அதன் பிறகுதான். இன்று அந்த இடத்தில் செல்போன்.

கணக்கு எளிது. போனின் 26 மி.மீ. லென்ஸை 30 மடங்கு பெருக்கத்தில் வைத்த ஸ்கோப்போடு சேர்த்தால் 780 மி.மீ. லென்ஸுக்குச் சமம். அந்த நீளத்துக்கு டெலி லென்ஸ் வாங்க எவ்வளவு பணம் வேண்டும்! ஆனால் 65 மி.மீ. வாய் கொண்ட ஸ்கோப்பில் அது எஃப் 12 அளவு வெளிச்சம்தான். ஷட்டர் மெதுவாகும், உறுதியான முக்காலி வேண்டும். திரையில் விரல் பட்டாலே படம் ஆடும், டைமரில்தான் எடுக்க வேண்டும். போன் நூல் அளவு நகர்ந்தாலும் ஓரத்தில் கறுப்பு நிழல் ஏறும். பறக்கிற பறவைக்கு இது ஆகவே ஆகாது.

ஆனால் நம் குளங்களில் முக்கால்வாசிப் பறவைகள் நிற்பவை, மேய்பவை, தூங்குபவை. மங்கோலியாவில் கழுத்துப்பட்டை மாட்டப்பட்ட வரித்தலை வாத்துகள் நெல்லைக் குளங்களில் தென்பட்டிருக்கின்றன. அப்படி ஒன்றின் பட்டையில் உள்ள எழுத்தை ஸ்கோப்பில் படிக்கும்போது கை நடுங்கும். வாத்து கரையோரம் புல்லைக் கொறிக்கும், தலை நிமிராது. நிமிரும் அந்த ஒரு நொடியில் போனில் வீடியோ ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பிறகு காட்சி காட்சியாக நிறுத்தி எழுத்தைப் படித்துவிடலாம். இமயத்தைத் தாண்டி வந்த பறவை, தன்னை ஒருவர் படித்ததை அறியாமலே மேய்ந்துகொண்டிருக்கும். இதற்காகவே ஸ்கோப் வாங்கலாம் என்பேன்.

இன்னொன்றும் உண்டு. கரையில் ஸ்கோப்பை நிறுத்தினால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சூழ்ந்துகொள்வார்கள். “மாமா, நானும் பாக்கட்டா?” ஆடு மேய்க்க வந்த பெரியவரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிவார். “ஏ, கொக்கு கண்ணு மஞ்சளால்லா இருக்கு!” நீள லென்ஸ் எனக்கு ஒரு படம் தரும்; ஸ்கோப் ஊருக்கே பறவையைக் காட்டும்.

ஆற்றங்கரைக்கு வந்தால் கதை வேறு. திருப்புடைமருதூரில், 2005-இல் நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடத்தில், தாமிரபரணி மேல் கருப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் நின்று சிறகடிக்கும். அலகு நேர்கீழே, உடல் அசையாது, சிறகு மட்டும் துடிக்கும். சட்டென்று கல்லாய் விழும். 1/2000 நொடி வேண்டும். கையில் திருப்பக்கூடிய லென்ஸ் வேண்டும். 2015-இல் வந்த நிக்கான் 200-500 மாதிரியான லென்ஸ் இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும், ஆனாலும் தோள் தாங்கும்.

கூடு வைக்கும் காலத்தில் கூந்தன்குளம் ஊருக்குள் இரண்டும் அவசியமில்லை. வீட்டு வேம்பிலேயே மஞ்சள் மூக்கு நாரை குஞ்சு பொரிக்கிறது. இன்னும் நெருங்கிப் போய் மரத்தடியில் நின்றால் தாய் எழும்பும், குஞ்சு வெயிலில் வாடும். 500 மி.மீ. லென்ஸை வைத்துக்கொண்டும் அடியில் போய் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

2011 முதல் ஒவ்வோர் ஆண்டும் தை மாத வாக்கில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. தூரத்துச் சேற்றில் ஓடும் உள்ளான்கள் எந்த இனம் என்று குழுவுக்குள் வாக்குவாதம் வரும்போது ஒரு ஸ்கோப்பும் போனும் தீர்த்துவைக்கும். பணம் சேர்த்துவைத்திருக்கும் தம்பி, தங்கைகள் முதலில் ஸ்கோப்பை வாங்கி, விடியற்காலையில் கரைக்கு வந்துவிடுங்கள். வெயில் ஏறி நீர்மேல் கானல் ஆடத் தொடங்கினால் எந்தக் கண்ணாடியிலும் உள்ளானின் கால் நிறம் தெரியாது.