கட்டின காசும் கெட்ட குளிரும்

ஸ்காபரோ, கனடா
தை மாதம், ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

 

போன கிழமை நான் அனுப்பிய படத்துக்கு உங்கள் குரல்பதிவு வந்து சேர்ந்தது. "மீசையில ஐஸ் தொங்குது, பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறாய், உனக்கென்ன விசரோ?" என்பது உங்கள் குரல். "பிள்ளைக்கு வேலை போட்டுதோ தெரியாது, பக்குவமாக் கேளுங்கோ" என்பது பின்னால் சின்னம்மா. வேலை போகவில்லை. விசர் விஷயத்தில் இந்த வீட்டில் இரண்டு கருத்து இருக்கிறது. உங்கள் மருமகள் உங்கள் கட்சி.

"அந்தக் குளிருக்குள்ள ஓட எப்பிடியடா மனம் வருது?" என்றும் கேட்டிருந்தீர்கள். காலமெல்லாம் விசில் ஊதிய பி.ரி. மாஸ்ரரின் கேள்விக்கு மூன்று வரியில் தட்டி அனுப்புவது மரியாதையில்லை. அதனால் கடிதம்.

மனம் வருவதில்லை, சித்தப்பா. தை மாதம் விடியற்காலை ஐந்தரைக்கு இந்த நாட்டில் ஒருவருக்கும் ஒன்றுக்கும் மனம் வராது. சூரியனே ஏழே முக்காலுக்குத்தான் வேண்டாவெறுப்பாக எட்டிப் பார்க்கிறது. போர்வைக்குள் கிடந்து மனத்தைத் தேடுகிறவன் வைகாசி மட்டும் தேடிக்கொண்டே கிடக்கலாம். ஓடுகிறவர்கள் மனத்தை வீட்டில் படுக்கவிட்டு உடம்பை மட்டும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள். அதைச் செய்ய வைப்பது என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் குளிர்.

இங்கே வானிலைக்காரர் ஒரே காலையில் இரண்டு குளிர் சொல்வார்கள். வெப்பமானி காட்டுவது ஒன்று. காற்றையும் சேர்த்தால் தோலுக்குத் தெரிவது மற்றது. மைனஸ் 10 பாகையில் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று அடித்தால் அது மைனஸ் 20 என்று கணக்கு. மார்கழியில் 22 பாகைக்கு மப்ளர் சுற்றுகிற நீங்கள் இந்த வரியை இன்னொரு தரம் வாசிக்கலாம். இந்தக் கணக்கு வந்த கதையும் ஒரு மாதிரியானது. சைப்பிள், பாசல் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1940களில் அந்தாட்டிக்காவில் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் உருளைக்குள் தண்ணீர் விட்டு, காற்றில் தொங்கவிட்டு, உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் உலகம் அந்த உருளையை நம்பித்தான் கம்பளித் தொப்பி போட்டது. பிறகு 2001இல் கனடாவும் அமெரிக்காவும் கணக்கைத் திருத்தின. அதற்காக இதே ரொறன்ரோவில் 12 தொண்டர்களைக் குளிர்க்காற்று அடிக்கும் சுரங்கத்துக்குள் விட்டு, முகத்தில் கருவிகளை ஒட்டி, ஓடும் பட்டியில் நடக்க வைத்தார்கள். எப்படி மனம் வருகிறது என்ற கேள்வியை நீங்கள் அந்தப் பன்னிரண்டு பேரிடம் கேட்டிருக்க வேண்டும்.

காற்றையும் சேர்த்த அந்தக் கணக்கு மைனஸ் 28க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 நிமிடத்திலிருந்து 30 நிமிடத்துக்குள் உறையலாம் என்பது அரசாங்க எச்சரிக்கை. அன்றைக்கு நான் ஓடுவதில்லை. இந்த வரியைச் சின்னம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கோ. நெஞ்சுக்குள் ஐஸ் கட்டாது என்பதையும் சொல்லுங்கோ. மூக்கும் தொண்டையும் காற்றைச் சூடாக்கித்தான் உள்ளே விடும். தொய்வு வருத்தக்காரருக்குத்தான் இந்தக் காற்று ஆகாது.

உடுப்புக்கு ஒரு விதி உண்டு. வெளியே இருப்பதைவிடப் 10 பாகை சூடு என்று எண்ணிக்கொண்டு உடுக்க வேண்டும். வாசலில் நின்று கொஞ்சம் நடுங்கினால் உடுப்புச் சரி. வாசலிலேயே சுகமாக இருந்தால் பத்து நிமிடத்தில் வேர்த்துக் கொட்டும், பிறகு அந்த வேர்வை குளிரும், அங்கேதான் ஆபத்து. பருத்தி கூடவே கூடாது. நீங்கள் கஞ்சி போட்டுப் போற்றும் பருத்தி இங்கே வேர்வையைக் குடித்துவிட்டு உடம்போடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். உள்ளுக்கு மெரினோக் கம்பளி, இல்லையென்றால் பொலியெஸ்ரர். கையுறையில் ஐந்து விரலுக்கும் ஐந்து அறை வைத்ததைவிட, நாலு விரலையும் ஒன்றாகப் போட்டு மூடுவதுதான் சூடு. கைபேசியை வெளிப் பையில் வைத்தால் குளிரில் பற்றரி செத்துப்போகும், ஆகவே அது நெஞ்சோடு. சப்பாத்துக்கு ஆணி. கடையில் வாங்கும் கம்பி வலையும் இருக்கிறது, ஆனால் எங்கள் கூட்டத்து ரக் ஓட்டுநர் அண்ணை தகரத்துக்கு முடுக்குகிற சின்னத் திருகாணிகளைத் தன் பழைய சப்பாத்தின் அடியில் தானே முடுக்கிவிட்டார். ஓடும்போது குதிரை வருகிற சத்தம் கேட்கும். நகரசபை நடைபாதைக்கு உப்புப் போடுகிறதுதான், ஆனால் மைனஸ் 10க்கு அங்கால் போனால் அந்த உப்பும் சோம்பிவிடுகிறது.

காற்றுக்கும் ஒரு தந்திரம். போகும்போது எதிர்காற்று, வரும்போது முதுகுக்காற்று. வேர்க்காத உடம்போடு சண்டையை முடித்துவிட்டு, வேர்த்த உடம்போடு காற்றே தள்ளத் தள்ள வீடு வந்து சேரலாம். மாறிச் செய்தால் திரும்பி வரும்போது அழவேண்டி வரும், கண்ணீரும் இமையில் உறையும்.

இவ்வளவும் தெரிந்தும் ஆள் எழும்ப மாட்டான். அதுதான் சிக்கல். முன்கதவுக்கும் கட்டிலுக்கும் இடையில் உள்ள தூரம்தான் இந்த நாட்டிலேயே மிக நீண்ட ஓட்டம். இங்கே வீடுகளில் தரையில் ஒரு கம்பித் தட்டு இருக்கும், அதன் வழியாகச் சூட்டுக்காற்று வரும். இரவே ஓடுகிற உடுப்பு முழுவதையும் அதன்மேல் பரப்பிவிடுவேன். காலையில் காலுறை இளஞ்சூடாக இருக்கும். அந்தச் சூடு உடம்பில் ஏறுவதற்குள் வாசலைத் தாண்டிவிட வேண்டும், கட்டிலைத் திரும்பிப் பார்க்கக்கூடாது. தமிழ் வீட்டு நிலவறைகளில் ஓடும் பட்டி இருக்கிறதே என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டிலும் இருக்கிறது. அதன்மேல் தற்போது உங்கள் மருமகளின் இரண்டு சேலைகள் காய்கின்றன.

நாங்கள் ஐந்தாறு பேர் ஞாயிறு விடிய ஒரு கோப்பிக் கடை வாசலில் கூடுவோம். ஒரு கணக்காளர், மேலே சொன்ன குதிரை அண்ணை, தாதியாக வேலை செய்யும் ஒரு தங்கச்சி, அவளுடைய புருசன், நான். இவர்களோடு ஊரில் தபால் அதிபராக இருந்த ஒரு ஐயா. எழுபது தாண்டியவர், நடக்கத்தான் வருவார், ஆனால் எல்லாருக்கும் முதல் வந்து நிற்பார். திருவெம்பாவைக்கு விடியப்புறம் சங்கு ஊதிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாய்ப் போவார்களே, எங்களுக்கு அந்தச் சங்கு இந்த ஐயாவின் வட்ஸ்அப். "வெளிக்கிட்டிட்டன்" என்று ஒரே சொல். அதற்குப் பிறகும் வராதவனுக்கு அவர் போன் எடுக்க மாட்டார். அவனுடைய மனிசிக்கு எடுப்பார். "பிள்ளை, தம்பிக்குச் சுகமில்லையோ? நாங்கள் நிக்கிறம், அவசரமில்லை." இதைவிடக் கொடுமையான ஒரு வாக்கியத்தை நான் தமிழில் கேட்டதில்லை. படுத்துக் கிடந்தவன் சப்பாத்து நூலைக் கட்டாமலே ஓடிவருவான்.

ஊராரின் உதவியும் உண்டு. ஒரு நாள் இருட்டில், மின்னுகிற மஞ்சள் மேற்சட்டையோடு, தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு ஓடுகிறேன். ஒரு கார் மெதுவாகப் பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கியது. நம்மாள். "தம்பி, பஸ்ஸை விட்டிட்டீரோ? ஏறும், ஏறும்." நான் சும்மா ஓடுகிறேன் என்று சொன்னேன். "சும்மாவோ?" என்று கேட்டுவிட்டு, ஒரு நூறு யார் தூரம் என் வேகத்துக்கே வந்தார், ஒருவேளை மனம் மாறினாலும் என்று.

வெட்கம் ஒரு பாதி. மற்றப் பாதி காசு. வாற பங்குனிக் கடைசியில் ஹமில்ரன் நகரில் குடாவைச் சுற்றி 30 கிலோமீற்றர் ஓட்டம் ஒன்று நடக்கிறது. ஐப்பசியில், வெயில் அடித்த ஒரு நல்ல நாளில், கூட்டமாக இருந்து பதிந்துவிட்டோம். கட்டின காசு திரும்ப வராது. யாழ்ப்பாணத்தானுக்கு இதற்கு மேலான ஊக்கம் உலகத்தில் கிடையாது. பள்ளிக்கூட மரதனில் நீங்கள் பூவரசம் தடியோடு சைக்கிளில் பின்னால் வருவீர்கள், கடைசியில் ஓடுகிறவனுக்குத்தான் அதிக உற்சாகம் இருக்கும். இப்போது அந்தத் தடியை நானே காசு கொடுத்து வாங்கி எனக்குப் பின்னால் விட்டிருக்கிறேன். பங்குனி ஓட்டத்துக்குத் தையிலும் மாசியிலும்தான் பழக வேண்டும், வேறு மாதம் கிடையாது.

அந்த ஓட்டம் சின்னச் சாமானில்லை, சித்தப்பா. 1894இல் தொடங்கியது. 1897இல் தொடங்கிய பொஸ்ரன் மரதனுக்கே மூன்று வயது மூத்தது. 1906இல் அதை வென்றவர் ரொம் லோங்போட், ஒனொண்டாகா இனத்துப் பூர்வகுடிப் பொடியன். அடுத்த வருடமே பொஸ்ரனுக்குப் போய் 2 மணி 24 நிமிடம் 24 செக்கனில் ஓடி, அதற்கு முதல் வென்ற எல்லாரையும்விட 4 நிமிடம் 59 செக்கன் முந்தினார். அந்தக் காலத்துப் பாதை இப்போதையதைவிடக் கொஞ்சம் குட்டை என்பதை நீங்களே பிடிப்பீர்கள், அதனால் முந்திச் சொல்லிவிடுகிறேன். முதலாம் உலகப் போரில் பிரான்சில் செய்தி காவி ஓடினார். பிறகு இதே ரொறன்ரோ நகரசபையில் தெருத் துப்புரவு வேலை செய்தார். அப்படிப்பட்ட ஓட்டக்காரனைத் தெருக்கூட்ட விட்ட ஊர் இது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். இப்போது ஸ்காபரோவில் அவர் பெயரில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. மோல்வேர்ன் பக்கம், நம் சனம் நிறைய உள்ள இடம்.

சின்னம்மாவின் கவலைக்கு மருந்தாக இன்னொரு ஆள். யூக்கி கவாவுச்சி, ஜப்பான்காரர். சைத்தாமா மாகாண அரசில் உத்தியோகம், ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில். ஆம், கவுண்மேந்து வேலை. வேலைக்குப் போய்க்கொண்டே ஓடுவார். 2018 புதுவருடத்தன்று அமெரிக்காவின் மார்ஷ்ஃபீல்டில், மைனஸ் 15க்கும் கீழான குளிரில், முழு மரதனை 2 மணி 18 நிமிடம் 59 செக்கனில் முடித்தார். அதே வருடம் சித்திரையில் பொஸ்ரன். குளிர் மழை, முகத்தில் அறைகிற எதிர்காற்று. பேர் பெற்ற ஓட்டக்காரர் பலர் பாதியில் விட்டுவிட்டுப் போனார்கள். கிளாக்கர் வென்றார், 2 மணி 15 நிமிடம் 58 செக்கன். வேலை இருக்கிறவனும் குளிரில் ஓடுவான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அடுத்த வருடம் அவர் அந்த வேலையை விட்டுவிட்டு முழுநேர ஓட்டக்காரர் ஆகிவிட்டார். இந்த வரியைச் சின்னம்மாவுக்கு வாசிக்க வேண்டாம்.

ஓடத் தொடங்கினால் எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முதல் கிலோமீற்றரில் என்னைப் பெற்றவர்கள் உட்பட எல்லார்மேலும் ஆத்திரம் வரும். மூக்குமயிர் விறைக்கும். மூச்சு மீசையில் பட்டுப் பட்டு வெள்ளையாகும், அதுதான் நீங்கள் பார்த்த படம். இரண்டாவதில் விரல் நுனி திரும்பக் கிடைக்கும். அதற்குப் பிறகு ஒரு கட்டம் வரும், அதை எனக்கு ஒழுங்காக எழுதத் தெரியவில்லை. ஹைலண்ட் கிறீக் ஆற்றங்கரைப் பாதையில் ஒருவரும் இல்லை. மிதிக்க மிதிக்கப் பனி காலுக்குக் கீழே கிறீச்சிடும். புழுக்கமில்லை, நுளம்பில்லை, தாகமில்லை, நாய்கூடத் துரத்தாது. ஆவணி மாதத்து ரொறன்ரோ வெயிலில் ஐந்து கிலோமீற்றரில் நாக்குத் தள்ளுகிற நான், இந்தக் குளிரில் பதினைந்தைச் சத்தமில்லாமல் முடிக்கிறேன். நெடுந்தூரம் ஓடுகிறவனுக்கு வெக்கைதான் எதிரி, குளிர் சிநேகிதன். கதவுக்கு வெளியே வந்தவனுக்குத்தான் அந்தச் சிநேகம்.

கோப்பிக் கடைக்குத் திரும்பி வந்தால் ஐயா ஏற்கெனவே நடந்து முடித்து, எல்லாருக்கும் சேர்த்து மேசை பிடித்து வைத்திருப்பார். யார் எத்தனை நிமிடம் பிந்தி வந்தார்கள் என்பது அவர் வாயில் இருக்கும். தபால் அதிபர் அல்லவா.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நெடுந்தூர ஓட்டத்தில் இடையில் ஏதாவது சாப்பிட வேண்டும். கடையில் ஜெல் என்று ஒரு பசை விற்கிறார்கள். குளிரில் அது இறுகிப்போய்ப் பிதுக்கவே இரண்டு கை வேண்டும், ருசியும் மருந்து மாதிரி. புழுக்கொடியல் கொண்டுபோய்ப் பார்ப்போம் என்று கணக்காளர் சொன்னார். குளிரில் அதைக் கடித்தால் காசு பல் வைத்தியருக்குப் போகும் என்று தாதித் தங்கச்சி தடுத்துவிட்டாள். கடைசியில் ஏகமனதாக எள்ளுப்பாகு என்று தீர்மானம். மாசியில் உங்கள் பக்கத்துவீட்டுப் பெரியம்மா மகளிடம் வருகிறாவாம். அவவிடம் சின்னம்மாவின் எள்ளுப்பாகு இரண்டு கிலோ கொடுத்துவிடுங்கோ. சின்னச் சின்னத் துண்டாக, ஒவ்வொன்றும் எண்ணெய்த் தாளில் சுற்றி, கையுறையோடு பிரிக்கக்கூடிய மாதிரி. ஐயாவுக்குச் சீனி வருத்தம், அவருக்கு வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் பெறாமகன்