ஊர்வாய்க்கு ஓர் உலைமூடி

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அயர்லாந்தின் கால்வே மாவட்டத்தில் டூவம் என்றொரு சிற்றூர் அதைச் செய்து காட்டியது. அதுவும் தலைமுறை தலைமுறையாக.

அந்த நாட்டுச் சிற்றூர்க்காரர்களுக்குச் சாவுவீட்டில் தனி ஈடுபாடு. யார் இறந்தார், என்றைக்கு அடக்கம், எந்தக் கோயிலில் பூசை என்று உள்ளூர் வானொலி நாள்தோறும் வாசிக்கும். இறந்தவரைச் சரியாகத் தெரியாதவர்கூட வரிசையில் நின்று, வீட்டாரின் கையைப் பிடித்துத் துக்கம் சொல்லி, டீயும் சாண்ட்விச்சும் முடித்துவிட்டுத்தான் நகர்வார். இப்படிப்பட்ட ஊரில், 1925 முதல் 1961 வரை இயங்கிய ஒரே இல்லத்தின் கணக்கில் 796 குழந்தைகள் இறந்தார்கள். கல்லறைத்தோட்டப் பதிவேட்டில் ஓரிருவரைத் தவிர மற்ற எவரும் இல்லை. ஒரு சாண்ட்விச்சுக்கும் வழியில்லாமல் போயிற்று.

மணமாகாமல் கருவுற்ற பெண்களை ஒளித்துவைக்க ஏற்பட்டது அந்தத் தாய்-சேய் இல்லம். கட்டடம் மாவட்டக் கவுன்சிலுடையது. நடத்தியவர்கள் போன் செகூர் சபைக் கன்னியாஸ்திரிகள். தலைக்கு இவ்வளவு என்று படியளந்தது மக்கள் வரிப்பணம். குழந்தையின் தகப்பனா? அவர் ஞாயிற்றுக்கிழமை பூசையில் முன்வரிசையில் இருந்திருப்பார்.

ஊருக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இல்லத்துப் பிள்ளைகள் பள்ளிக்குப் பிந்தி வந்து, முந்திப் போனார்கள். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் மேல் பட்டுவிடக் கூடாதல்லவா? அவர்களுடைய முரட்டு பூட்ஸ் சத்தம் தெருவெல்லாம் கேட்டது. 1970களில் இல்லம் இருந்த இடத்தில் விளையாடிய இரண்டு சிறுவர்கள் ஒரு கற்பலகையைப் புரட்டி, உள்ளே எலும்புகளைப் பார்த்துவிட்டு ஓடிவந்து சொன்னார்கள். பெரியவர்கள் குழியை மூடினார்கள். பஞ்ச காலத்து எலும்பாம்! பக்கத்து வீட்டார் சிலர் மட்டும் அங்கே புல் வெட்டி, ஒரு சின்ன மாதா கெபி வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஊரில் அவ்வளவுக்காவது ஈரம் இருந்தது.

மூடியைத் திறந்தவர் கேத்தரின் கார்லெஸ் என்ற உள்ளூர்ப் பெண்மணி. அப்போது பட்டம் பதவி எதுவும் இல்லை. சான்றிதழுக்கு 4 யூரோ வீதம் கைக்காசைப் போட்டு இறப்புப் பதிவுகளைத் திரட்டி, 2012இல் ஊர் வரலாற்றுச் சங்க இதழில் எழுதினார். 2017இல் அரசின் விசாரணை ஆணையமும் ஒப்புக்கொண்டது: கழிவுநீருக்காகக் கட்டியதாகத் தோன்றும் நிலத்தடி அறைகளில் குழந்தைகளின் எலும்புகள் கிடக்கின்றன. ஞானஸ்நானம் கொடுத்து, பெயர் வைத்த குழந்தைகள்!

சபையாருக்கு அடக்க முறை தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2000களின் தொடக்கத்தில் ஊரைக் காலி செய்தபோது, மறைந்த தங்கள் சகோதரிகளின் எலும்புகளை முறைப்படி தோண்டியெடுத்து, நாக் திருத்தலத்துக்குக் கொண்டுபோய் மறு அடக்கம் செய்தார்கள். குழந்தைகளைத்தான், குடையை மறந்துவிட்டுப் போவதுபோல் விட்டுவிட்டுப் போனார்கள்.

2021இல் எல்லாரும் மன்னிப்புக் கேட்டார்கள். சபை கேட்டது, பிரதமர் கேட்டார். குழந்தைகளின் தகப்பன்மாரும் பெண்களின் குடும்பத்தாருமே முதற்பொறுப்பு என்றது ஆணையத்தின் அறிக்கை. சமூகம் முழுவதுமே பொறுப்பு என்றார்கள் மேடையில். எவ்வளவு வசதி! சமூகத்துக்குக் கதவிலக்கம் கிடையாது, சம்மன் அனுப்ப முடியாது. செத்துப்போன தகப்பனைக் கூண்டில் ஏற்றவும் முடியாது.

2024இல் இழப்பீட்டுத் திட்டமும் வந்தது. குழந்தையாக இருந்தபோது 180 நாளாவது உள்ளே இருந்திருக்க வேண்டும் என்று அதில் ஒரு விதி. 179 நாள் இருந்தவரின் துயரம் இன்னும் முற்றவில்லை என்று டப்ளினில் எந்த மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்களோ! 2025 ஜூலையில்தான் இல்லம் இருந்த இடத்தில் தோண்டத் தொடங்கினார்கள். தள்ளாத வயதில் உறவுக்காரர்கள் மரபணுச் சோதனைக்கு எச்சில் கொடுக்கிறார்கள். 180 நாள் நிறையும் முன்பே இறந்த குழந்தைகளால் அரசுக்குத் தொல்லையே இல்லை. அவர்கள் எந்தப் படிவத்தையும் நிரப்பப் போவதில்லை.