படுக்கை மூணு வெள்ளி, மெஷினுக்கு யாரு?

என்ன மாப்ள, கிராணிகிட்ட ஏச்சு வாங்குனவன் மாதிரி வர்ற? ஒங்கப்பனுக்கு வீட்டுல வெக்கிற மூச்சு மெஷின் வாங்கச் சொல்லிட்டாங்களாக்கும். நல்ல சேதிதானே! அம்பது வருசமா சுருட்டு இழுத்த மனுசன், இனியாவது மூச்சு இழுக்கட்டும்.

கையில என்ன, மெடிக்கல் கார்டா? பளபளன்னு இருக்கு, பலே. கொழுந்து நிறுக்குற எடத்துல பழைய கிராணி என்ன பண்ணுவாரு? கூடைக்கு ஒரு கழிவு, பனித்தண்ணிக்கு ஒரு கழிவு, முத்தின எலைக்கு ஒரு கழிவு. இந்தக் கார்டும் அதே தராசுதான். பொடி எழுத்த வாசி. ஆஸ்பத்திரியில படுத்தாக் குடுப்பான், வீட்டுக்குத் தூக்கிட்டுப் போற சாமானுக்குப் பெரும்பாலும் கைய விரிப்பான். கொறட்டையும் தூக்கத்துல மூச்சடைக்கிறதும் பல கார்டுல ‘சேராது’ பட்டியல்லயே கெடக்கு. கொறட்டைக்கு நஷ்டஈடு கேக்கணும்னா ஒங்கம்மாதான் கேக்கணும்.

கவுர்மெண்டு கதை வேற. மூணாங்கிளாஸ் வார்டுல படு, நாளைக்கு 3 வெள்ளி. மொகத்துல மாஸ்க்கு, பக்கத்துல நர்ஸு, மெஷினு எல்லாம் இருக்கும். ‘தேறிட்டாரு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க’ன்னு சொன்ன நிமிசத்துல மெஷின் ஒன் தலையில. சில ஆயிரம் வெள்ளி! தேறினதுக்கு அபராதம் மாதிரிதான்.

அதுக்காகக் கடைக்காரன் காட்டுற பெருச வாங்கிறாத. இதுல மூணு சாதி இருக்கு. சீபேப்பு ஒரே அழுத்தமா ஊதும். பைபேப்பு உள்ள இழுக்குறப்போ பலமா, வெளிய விடுறப்போ மெதுவா ஊதும். இதுக்கு மேல பேட்டரியோட பெரிய வெண்டிலேட்டரு. எதுன்னு டாக்டரு சொல்லணும், டை கட்டுனவன் இல்ல.

அமெரிக்காவுல என்ன நடந்துச்சு தெரியுமா? என்னடா முழிக்கிற, பேத்தி போன்ல படிச்சுக் காட்டினா. அங்க மெடிகேர்னு கவுர்மெண்டு காப்பீடு. சின்ன மெஷினுக்கு 13 மாசம் வாடகை, அப்புறம் அது நோயாளிக்கே சொந்தம். பெருசுக்கோ தேவைப்படுற வரைக்கும் மாசாமாசம் வாடகை. கம்பெனிக்காரன் எதத் தள்ளுவான்? பெருசுக்கு 2009-ல 3.8 மில்லியன் டாலரா இருந்த பில்லு, 2015-ல 340 மில்லியன். ஆறு வருசத்துல அந்த ஊரு நுரையீரல எலியா தின்னுச்சு? அப்ரியான்னு ஒரு கம்பெனி, நோயாளி மெஷினத் தொடாமப் போட்டப்புறமும் பில்லு போட்டுச்சுன்னு கேசாகி, 2020 டிசம்பர்ல 40.5 மில்லியன் டாலர் கட்டிச்சு.

நீ அவ்ளோ பெரிய திருடன் இல்ல, அதனால காகிதத்தச் சேத்து வெய். பணத்தக் கட்டிட்டு ரசீதோட போயி நிக்காத, மொதல்ல மனு, அப்புறம் மெஷின். தானா ராத்தா ஆஸ்பத்திரியில கடிதாசி வாங்கிக்கிட்டு ஈப்போவுக்கு எறங்கு. ஆமா, நம்ம ஊரு பகாங்கு, பெரிய ஆஸ்பத்திரி பேராக்கு. குவாந்தானுக்குப் போயிச் சேர்றதுக்குள்ள ஒங்கப்பன் ரெண்டு தடவ மூச்சு வாங்குவாரு. ஸ்பெஷலிஸ்டு கைநாடியில ரத்தம் எடுத்து கரியமில வாயு அளப்பாரு. 35-லருந்து 45 வரைக்கும் சரி, மேல ஏறினா அந்த நம்பருதான் ஒன்னோட சிபாரிசு. மெஷின் பேரு, அழுத்தம், நோயி எல்லாம் கடிதாசியில இருக்கணும். வீடு 1,400 மீட்டர் ஒசரத்துல இருக்குன்னும் சொல்லிவை, இங்க காத்து மெலிசு.

அங்கயே மருத்துவ சமூகப்பணி ஆபீசு இருக்கும். சுகாதார அமைச்சோட மருத்துவ உதவி நிதி, ‘தாபுங் பந்துவான் பெருபாத்தான்’, அதுக்கு மனு அங்கதான். சம்பளச் சீட்டு, ஐசி நகல் எல்லாம் கொண்டு போ. நல்ல சட்ட போடாத. அப்பன் பேருல எஸ்டிஆர் உதவி வருதுல்ல, வயசும் 40 தாண்டியாச்சு, அதனால பெக்கா பி40 திட்டத்தையும் கேளு. மருத்துவச் சாமானுக்கு 20,000 வெள்ளி வரைக்கும் உண்டு, ஒன் மெஷின் பட்டியல்ல இருக்கான்னு மட்டும் விசாரி. தோட்டத்துல மருந்தடிக்கிற வேலையாலதான் நெஞ்சு கெட்டுச்சுன்னு டாக்டரு எழுதினா, தொழிலாளர் காப்பீடு பாக்குற சொக்சோ கதவத் தட்டு. சுருட்டால கெட்டதுன்னா தட்டாத, சிரிப்பாங்க.

பழைய மெஷின் சல்லிசா வருதாம்ல? பிலிப்ஸ் கம்பெனி 2021 ஜூன்ல, உள்ள வெச்ச நுரைப்பஞ்சு பொடியா உதிருதுன்னு லட்சக்கணக்குல வித்த மெஷின்களத் திரும்பக் கேட்டுச்சு. சீரியல் நம்பரப் பாக்காம வாங்கினா, சுருட்டுக்குப் பதிலா பஞ்சு இழுப்பாரு.

சரி, நாளைக்கு ஈப்போ பஸ்ஸுக்குப் போறப்போ எனக்கு ஒரு கட்டு வெத்தல வாங்கியா. பொகையில வேணாம்டா, ஒங்கப்பனப் பாத்ததுலருந்து பயமாருக்கு.