கலஹாவில் கைக்கிளை: மோட்டார் சைக்கிள் மோகம் பற்றிய திணை ஆராய்ச்சி

அன்பின் ஐந்திணைக்கு ஒரு பக்கம் கைக்கிளையையும் மறுபக்கம் பெருந்திணையையும் வைத்தார் தொல்காப்பியர். கைக்கிளை என்பது ஒருதலைக் காமம். தலைவன் உருகுவான், எதிரிலிருப்பதற்கு அது தெரியவே தெரியாது. கலஹா டவுனில் புது பைக் ஒன்று வந்து நிற்க, அதைச் சூழ்ந்து நிற்கும் இளைஞர் கூட்டத்தை உரையாசிரியர்கள் பார்த்திருந்தால் உரை இன்னும் சுருக்கமாக முடிந்திருக்கும்.

முதலில் நிலம். பேராதனைப் பல்கலைக்கழக வளவுக்குள்ளால் வரும் கலஹா வீதி, ஹிந்தகலையைத் தாண்டி வளைந்து வளைந்து மலை ஏறுகிறது. ஆகவே நிலம் குறிஞ்சி. அதற்குரிய ஒழுக்கம் புணர்தல். நடந்ததோ முல்லைக்குரிய இருத்தல். 2020 மார்ச்சில், அந்நியச் செலாவணியைக் காக்கவென்று இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. சங்கத் தலைவி கார்காலம் வரைக்கும்தான் காத்திருந்தாள். நம் தலைவன் ஏறக்குறைய ஐந்து வருடம் ஆற்றியிருந்தான். நடுவில் 2022இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் பெற்றோல் என்றார்கள். அதைக் கேட்டு அதிகம் கவலைப்பட்டவன் பைக்கே இல்லாதவன். கைக்கிளைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அடுத்து நலம் பாராட்டல். இத்துறையில் இரண்டு மரபினர் உளர். மூத்தோர், ஜப்பானில் தபால் சுமக்கவென்று செய்த சிவப்பு எம்டி 90 வரைக்கும்தான் பைக் என்பர். அதற்குப் பின் வந்ததெல்லாம் பிளாஸ்டிக் என்பது அவர்கள் துணிபு. இளையோர் பல்சர், அப்பாச்சி, ஆர்15, டியூக் எனப் பிரிந்து நிற்பர். இவர்களிடையே பெரும்போர் உச்ச வேகம் குறித்தது. ஒருவன் 140 என்பான். மற்றவன் 136தான் என்று கைப்பேசியைத் திறந்து காட்டுவான். நாட்டின் அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. கலஹா வீதியிலோ, முன்னால் கொழுந்து லொறி போனால் வேகத்தைத் தீர்மானிப்பது லொறிதான். ஆகவே உச்ச வேகம் காட்சிப் பொருளன்று, கருத்துப் பொருள் என்க. கடவுளைப் பற்றிய விவாதத்துக்கும் இதற்கும் முறையியலில் வேறுபாடு குறைவு.

தோழன் கூற்று எப்போதும் ஒன்றுதான்: "எடுத்திருவோம் மச்சான்." யார் எடுப்பது, எதைக் கொண்டு எடுப்பது என்பதற்கு மூலத்தில் விளக்கமில்லை.

அந்த விளக்கம் தாய் கூற்றில் கிடைக்கிறது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று 2024இல் வர்த்தமானி வந்தது. பைக்கை ஐந்து லட்சம் என்று குறைத்தே மதிப்பிட்டாலும், அந்தச் சம்பளத்தில் 370 நாளுக்கு மேல் மலையில் கொழுந்து எடுக்க வேண்டும். அத்தனை நாளும் வீட்டில் உலை வைக்கக் கூடாது. "அட, லீசிங்காரன் ஒனக்கா போன் போடுவான்? எனக்குல்ல போடுவான்" என்பது அம்மா வாக்கு. இதற்கு மறுப்புரை எழுதியவர் இதுவரை எவருமில்லை. பைக்கின் விலையைப் பற்றிப் பேசும் அத்தனை பேரிலும் கணக்குத் தெரிந்தவர் அம்மா ஒருவரே என்பது இக்கட்டுரையாளன் முடிபு.

இனி களவு. சிநேகிதனின் பைக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவல் வாங்குவது இதன்பாற்படும். போகுமிடம் பெரும்பாலும் லூல்கந்துரை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட தோட்டம் அது. நம் ஆட்கள் அங்கே போவது வரலாற்றுக்காக அல்ல, பின்னால் மலை தெரியும்படி பைக்கோடு ஒரு படம் எடுக்க. அந்தப் படம் பேஸ்புக்கில் ஏறியதும், 'எப்ப எடுத்தீங்க?' என்று கேட்பவருக்குச் சிரிப்புக் குறி ஒன்றே பதில். சொந்தமாக வாங்கியவன் இந்த இன்பத்தை அனுபவிப்பதில்லை. அவனுக்கு மாதம் பிறந்தால் தவணை நினைவு.

கடைசியாக, புது பைக் எடுத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். கலஹா பக்கம் வந்தால் டவுனில் கொஞ்ச நேரம் நிறுத்தி ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள். யாராவது சாவி கேட்டால், கொடுப்பது உங்கள் விருப்பம்.