வல்லநாட்டு டெல்லிக்காரர்

டெல்லி கணேஷுக்குப் பெயரில்தான் டெல்லி. பிறந்தது ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வல்லநாட்டில். 1944 ஆகஸ்ட் 1 அன்று அது திருநெல்வேலி மாவட்டம். 1986இல் மாவட்டத்தைப் பிரித்தபோது, சென்னையில் ஷூட்டிங்கில் இருந்தபடியே அவர் தூத்துக்குடிக்காரர் ஆகிவிட்டார். விமானப் படையில் பத்தாண்டு வேலை, டெல்லி தட்சிண பாரத நாடக சபாவில் மேடை, பிறகு கே. பாலசந்தரின் ‘பட்டினப்பிரவேசம்’ (1977). பெயருக்கு முன்னால் டெல்லியை ஒட்டியதும் பாலசந்தர்தான். ‘வல்லநாடு கணேஷ்’ என்று வைத்திருந்தால் தாமிரபரணிக் கரையில் கைதட்டு கூடியிருக்கும்.

வல்லநாட்டில் வெளிமான் சரணாலயமும் இருக்கிறது. மான் பார்க்கப் போகிறவர்கள் மலையைப் பார்த்துவிட்டுத் திரும்புவதும் உண்டு. கணேஷ் அதற்கு நேர்மாறு. எந்தப் படத்துக்குப் போனாலும் இருப்பார், நானூறுக்கு மேல். திரும்பி வருகிறவர்கள்தான் கதாநாயகனைப் பற்றியே பேசிக்கொண்டு வருவார்கள்.

குணச்சித்திர நடிகர் என்றால், டூயட் தொடங்கியதும் திரையை விட்டு விலகி, மகள் கல்யாணச் செலவுக்குக் கவலைப்படத் தொடங்குகிறவர் என்று பொருள். எண்பதுகளின் டூரிங் டாக்கீஸில் இவருக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. ஒரே புரொஜெக்டர்; அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும் நேரம் பார்த்து ரீல் முடியும். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்திருந்தவர், பின்னாலிருந்து “அண்ணாச்சி, தலையை இறக்குங்க” என்ற குரல் வர, குவியலைப் பாதி கலைத்துவிட்டு முறுக்கு வாங்கக் கிளம்பிவிடுவார். அவர் திரும்பும்போது அப்பாவின் படத்துக்கு மாலை போட்டாகியிருக்கும்.

அப்பா வேடத்தோடு அவர் நின்றுவிடவில்லை. ‘பசி’ (1979) தமிழக அரசின் சிறப்புப் பரிசு வாங்கித் தந்தது. ‘எங்கம்மா மகாராணி’யில் (1981) கதாநாயகனாகவே வந்தார், அந்த வேலை பிறகு தொடரவில்லை. ‘சிந்து பைரவி’யில் (1985) குடித்துவிட்டு வந்து மாட்டிக்கொள்ளும் மிருதங்கக்காரர், ‘நாயகன்’ (1987) ஐயர், ‘அபூர்வ சகோதரர்க’ளில் (1989) நாலு வில்லன்களில் ஒருவர்.

எண்பதுகள் காலண்டரில் முடிந்தாலும் தியேட்டரில் முடியாததால் ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) படத்தையும் இதே கணக்கில் சேர்ப்பதுதான் முறை. அதில் அவர் பாலக்காட்டுச் சமையற்காரர். கல்யாணச் சாம்பாரில் மீன் விழுந்துவிடும். கிரேஸி மோகன் வசனம் எழுதிய அந்தக் காட்சிக்குத் தமிழ்நாடே சிரித்தது. முத்துக்குளித்துறையில் மட்டும் அதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு விளக்கம் தேவை. குழம்பில் மீன் கிடப்பதை ஆபத்து என்று நினைக்கும் வழக்கம் அந்தக் கரையில் கிடையாது. அங்கே பேரிடர் என்பது குழம்பில் மீன் அகப்படாமல் போவது. கணேஷின் முகத்தில் ஓடும் பீதிதான் அந்த விளக்கம். அதைப் பார்த்தபின் சீலாமீன் வியாபாரிக்கும் சாம்பாரின் துயரம் புரிந்துவிடும்.

2024 நவம்பர் 9 இரவு, 80 வயதில், சென்னையில் காலமானார். இறுதி மரியாதை செலுத்த விமானப் படையிலிருந்தும் வந்திருந்தார்கள்.