சூப்பர்மேனை வீழ்த்திய கணக்குப்பிள்ளை

1987 ஜூலை 24 அன்று உலகத்தில் அணு ஆயுதமே இல்லாமல் போனது. மிஞ்சிப்போனால் ஒன்றரை மணி நேரம். அதுவும் தியேட்டர்களுக்குள் மட்டும். அன்று வெளியான ‘சூப்பர்மேன் 4: தி குவெஸ்ட் ஃபார் பீஸ்’ படத்தில், வல்லரசுகள் சேர்த்துவைத்திருந்த ஏவுகணைகளை நம்மாள் ஒரு ராட்சத வலையில் அள்ளி, ஒரு சுழற்று சுழற்றிச் சூரியனுக்குள் எறிந்துவிடுகிறான். நிஜத்தில் அப்போது பூமியில் 60,000-க்கும் மேற்பட்ட அணு ஆயுதங்கள் இருந்தன. படத்தில் எல்லாம் ஒரே வலைக்குள் அடங்கிவிட்டன. வலைக்கு அவ்வளவுதான் பட்ஜெட்.

தியேட்டருக்குள் நுழைந்த ரசிகனைக் குறை சொல்ல முடியாது. 1978-ல் ரிச்சர்ட் டோனர் எடுத்த முதல் படத்தில் மனிதன் பறப்பதை அவன் கண்ணால் கண்டிருந்தான். சுமார் 55 மில்லியன் டாலரைக் கொட்டி எடுத்த அந்தப் பறத்தலுக்குச் சிறப்பு ஆஸ்கரே கொடுத்திருந்தார்கள். இரண்டாம் பாகத்தையும் கொண்டாடினான். மூன்றாம் பாகத்தை, உறவு விட்டுப்போகக் கூடாதே என்று பொறுத்துக்கொண்டான். நான்காவதில் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பித்தான் டிக்கெட் எடுத்தான்.

சரியாகத்தான் தொடங்கியது. மூன்றோடு போதும் என்று கும்பிடு போட்டிருந்த கிறிஸ்டோபர் ரீவைத் திரும்ப அழைத்துவந்தார்கள். கதையில் அவருக்கும் பங்கு. அணு ஆயுத ஒழிப்பு அவருக்கு மனசார இருந்த அக்கறை. வில்லன் லெக்ஸ் லூதராக ஜீன் ஹேக்மேனும் திரும்பிவந்தார். எல்லாம் இருந்தது. தயாரிப்பாளர்தான் இடித்தார்.

கேனன் ஃபிலிம்ஸ். இஸ்ரேலைச் சேர்ந்த ஒன்றுவிட்ட சகோதரர்கள் மெனாஹெம் கோலனும் யோரம் குளோபஸும் நடத்திய கம்பெனி. ஒரே நேரத்தில் டஜன் கணக்கில் படம் எடுப்பவர்கள். ஒரு படத்தின் பணத்தை எடுத்து இன்னொரு படத்தின் ஓட்டையை அடைப்பவர்கள். சூப்பர்மேனுக்கென்று பேசிய தொகை சுமார் 36 மில்லியன் டாலர். கைக்கு வந்தபோது கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி 17 மில்லியன். ஆபீஸில் இப்படித்தான் பேசியிருக்க வேண்டும்:

“ஹீரோ எத்தனை தடவை பறக்கிறார்?”

“படம் பூராவும் பறப்பார் சார்.”

“மூஞ்சி ஒண்ணுதானே? ஒரு தடவை எடு, போதும்.”

அதன்படியே, கையை நீட்டிக்கொண்டு கேமராவைப் பார்த்து வரும் ஒரே ஷாட் படம் முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிறது. பின்னால் ஊர் மாறும், வானம் மாறும். நெற்றியில் விழுந்த முடிச்சுருள் மட்டும் அசையாது.

“ஐ.நா. சபைக்கு நியூயார்க் போகணும் சார்.”

“இங்கிலாந்திலேயே ஒரு ஐ.நா. பார்த்துக்கோ.”

பார்த்துக்கொண்டார்கள். லண்டனுக்கு வடமேற்கே சுமார் 80 கி.மீ. தள்ளி, 1967-ல் புதுநகரமாக அறிவிக்கப்பட்ட மில்டன் கீன்ஸ். அதன் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள திடல்தான் படத்தில் ஐ.நா. வாசல். நூறு பேர் போலத் துணை நடிகர்கள், பெயருக்கு ஒரு கார்கூட இல்லாத தெரு, களைகட்டுவதற்காகப் பறக்கவிட்ட ஒரு டஜன் புறா என்று ரீவே பின்னாளில் தன் சுயசரிதையில் நொந்து எழுதியிருக்கிறார். உலகத்தையே காக்க வந்தவன் நடந்துபோவது, ரயிலைத் தவறவிட்டவன் டாக்சி தேடுவது மாதிரி இருக்கும்.

வில்லன் கதை இன்னும் விசேஷம். மியூசியத்தில் சூப்பர்மேனின் ஒற்றைத் தலைமுடி 1,000 பவுண்டு எடைக் குண்டைத் தாங்கித் தொங்குகிறது. அந்த முடியை லூதர் ஒரு சாதாரண கட்டரால் நறுக்கென்று வெட்டி எடுத்துப் போகிறான். அது ஏவுகணையில் ஏறிச் சூரியனுக்குப் போக, அதிலிருந்து அங்கே பிறக்கிறான் நியூக்ளியர் மேன். பிறக்கும்போதே பொன்னிற முடி, நீள நகம், தைத்துத் தயாராக உடை. பேசும் குரல் மட்டும் ஹேக்மேனுடையது. வெயில் பட்டால் மலையைப் பிளப்பான். நிழல் பட்டால் பொத்தென்று விழுவான். இப்படி ஒரு வில்லனை வைத்துக்கொண்டு படப்பிடிப்புக்குத் தேர்ந்தெடுத்த நாடு இங்கிலாந்து! மில்டன் கீன்ஸில் சண்டையை வைத்திருந்தால் வானிலை அறிக்கையே அவனை முடித்திருக்கும்.

சூப்பர்மேனும் இதே யோசனைக்குத்தான் வருகிறான். நியூக்ளியர் மேனை லிஃப்டுக்குள் அடைத்து நிலாவில் கொண்டுபோய் வைக்கிறான். கதவிடுக்கில் வெயில் புகுந்து ஆசாமி எழுந்துவிடுகிறான். அந்த நிலாவில் கறுப்பு வானத்துக்கு மடிப்பு இருக்கிறது. கூர்ந்து பார்த்தால் அது திரைச்சீலை. பிறகு நியூக்ளியர் மேன் ஒரு பெண்ணை விண்வெளிக்குத் தூக்கிப்போகிறான். அவள் ஆக்ஸிஜன், கவசம் எதுவும் இல்லாமல் சௌக்கியமாக இருக்கிறாள். சூப்பர்மேன் நிலாவையே தள்ளிக் கிரகணம் உண்டாக்குகிறான். இடையில் சீனப் பெருஞ்சுவர் இடிந்தபோது இறங்கிப் பூசவும் இல்லை. ஒரு பார்வை பார்த்தான், செங்கல்கள் தாமாகப் போய் உட்கார்ந்துகொண்டன. கொத்தனார் கூலியும் மிச்சம்.

இத்தனை நடந்தும் ரீவ் ஒரு இடத்தில்கூடக் கண்ணடிக்கவில்லை. மடிப்பு விழுந்த வானத்துக்கு முன்னால் நின்று, 55 மில்லியன் படத்தில் நின்ற அதே நிமிர்வோடு பேசுகிறார். ரசிகனைத் தியேட்டரில் கடைசிவரை உட்காரவைத்தது அதுதான். கிளம்பலாம் என்று எழுந்தவன், அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

எடுத்ததில் சுமார் 45 நிமிடத்தை வெட்டி எறிந்துவிட்டுத்தான் வெளியிட்டார்கள். அமெரிக்க வசூல் 16 மில்லியனைக்கூடத் தொடவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 8-ல் ரீகனும் கோர்பச்சேவும் நடுத்தர ஏவுகணைகளை ஒழிக்க நிஜமாகவே ஒப்பந்தம் போட்டார்கள். படம் அவர்கள் மனதை மாற்றியதா, ஐந்தாம் பாகம் வந்துவிடும் என்ற பயமா, தெரியவில்லை. அடுத்த சூப்பர்மேன் படம் வரப் 19 ஆண்டுகள் ஆயின. 2006-ல் வந்த அதுவும் மூன்றையும் நான்கையும் குடும்ப அட்டையிலிருந்தே நீக்கிவிட்டது.

ஆனால் ஒரு வரவு பாக்கி இருக்கிறது. சூப்பர்மேன் உடையை மறுபடி மாட்டுவதற்குக் கூலியாக ரீவ் கேட்டது, தான் ஆசைப்பட்ட ‘ஸ்ட்ரீட் ஸ்மார்ட்’ என்ற சின்னப் படத்தைக் கேனன் தயாரிக்க வேண்டும் என்பது. எடுத்தார்கள்; அதுவும் ஓடவில்லை. அதில் விபசாரத் தரகனாக வந்த மார்கன் ஃப்ரீமேனுக்கு மட்டும் முதல் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்து, வாழ்க்கை மாறியது. 2005-ல் ‘பேட்மேன் பிகின்ஸ்’ படத்தில் பேட்மேனுக்குக் கவசமும் காரும் எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். ஆக, சூப்பர்மேன் தன் மானத்தை அடகுவைத்ததில் லாபம் பார்த்தது எதிர்க்கடைக்காரன்.